பழைய நெறிமுறைகளும் இன்றைய இணைய இணைப்பும்: பிபிஎஸ் கோப்புப் பரிமாற்றம் குறித்து வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் பொழுதுபோக்காக ராஸ்பெர்ரி பை கணினியில் லினக்ஸ் நிறுவி ஒரு பிபிஎஸ் (பலர் இணைந்து செய்தியும் கோப்பும் பரிமாறிக்கொள்ளும் கணினிப் பலகை) நடத்தி வருகிறேன். தொலைவிலுள்ள கணினியில் எழுத்து வடிவில் உள்நுழைய உதவும் டெல்நெட் வழியாக நண்பர்கள் உள்ளே வருகிறார்கள். கோப்புகளை வழங்க எல்ஆர்இசட்எஸ்இசட் என்ற நிரல் தொகுப்பை இணைத்து, இசட்மோடம் என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை மட்டும் பட்டியலில் வைத்திருக்கிறேன். புரட்டாசி மாதத்துக்காகத் தட்டச்சு செய்த பஜனைப் பாடல்களின் உரைக்கோப்புகள் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றன. ஜிப் கோப்பு எதுவானாலும் தொடக்கத்திலேயே பிழை மேல் பிழை காட்டி நின்றுவிடுகிறது. நெறிமுறை மிகப் பழையது என்பதுதான் காரணமா?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பழி இசட்மோடத்தின் மீது விழ வேண்டியதில்லை. உரைக்கோப்பு போகிறது, ஜிப் போகவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதே கோளாறு எங்கே என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அது டெல்நெட்டுக்கும் உங்கள் பரிமாற்ற நிரலுக்கும் இடையில் இருக்கிறது.

இசட்மோடம் 1986-இல் சக் ஃபோர்ஸ்பெர்க் உருவாக்கியது. டெலிநெட் என்ற பொட்டல வலையமைப்பு நிறுவனத்துக்காக அவர் அதை எழுதினார். பெயர் ஒத்திருந்தாலும் அதற்கும் நாம் பேசும் டெல்நெட் நெறிமுறைக்கும் தொடர்பில்லை. வழியில் உள்ள கருவிகள் சில கட்டுப்பாட்டு எழுத்துகளை விழுங்கிவிடும் என்று அறிந்திருந்த அவர், 17, 19 போன்ற மதிப்புடைய பைட்டுகளை மாற்றுருவில் அனுப்ப ஏற்பாடு செய்தார். ஆனால் 255 என்ற மதிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. டெல்நெட்டிலோ 255 என்பது ‘அடுத்து வருவது தரவு அன்று, கட்டளை’ என்பதற்கான அடையாளம். தரவிலேயே 255 வர நேர்ந்தால் அதை இரட்டித்து அனுப்ப வேண்டும் என்பதும், வாங்குபவர் அதை மீண்டும் ஒன்றாக்க வேண்டும் என்பதும் டெல்நெட்டின் விதி. இரட்டிக்காமல் அனுப்பினால், மறுமுனையில் உள்ள முனைய நிரல் (பிபிஎஸ்ஸுக்குள் வரப் பயனர் இயக்கும் நிரல்) அந்த 255-ஐயும் அதற்கடுத்த பைட்டையும் கட்டளை என்று எண்ணி எடுத்துக்கொண்டுவிடும். மீதமுள்ள தரவு சரிபார்ப்பு எண்ணுடன் ஒத்துப்போகாது, அந்தத் தரவுத் தொகுதி நிராகரிக்கப்படும்.

உங்கள் பஜனைப் பாடல்கள் தப்பியதற்குக் காரணம் இதுதான்: யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் எழுதிய எந்த உரையிலும் 255 என்ற பைட் ஒருபோதும் வராது. சுருக்கிய ஜிப் கோப்பிலோ 0 முதல் 255 வரை எல்லா மதிப்புகளும் ஏறக்குறைய சம அளவில் விரவிக் கிடக்கும். 1024 பைட் கொண்ட ஒரு தொகுதியில் சராசரியாக நான்கு முறை 255 வந்துவிடும். ஒன்றுகூட இல்லாத தொகுதி நூற்றுக்கு இரண்டு தேறினால் அதிகம். உரைக்கோப்பிலும்கூட ஒவ்வொரு தொகுதியின் இறுதியில் சேரும் நான்கு பைட் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணில் எப்போதாவது 255 அமையலாம் என்பதால், மிக நீண்ட உரை ஒன்றை அனுப்பிப் பார்த்தால் அதுவும் எங்கேனும் தடுமாறக் காண்பீர்கள்.

தொலைபேசிக் கம்பியில் வரும் இரைச்சலுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். எனவே பிழையான தொகுதியை மீண்டும் அனுப்பினால் பெரும்பாலும் போய்ச் சேரும். டெல்நெட்டால் வரும் பிழை அப்படியன்று. அதே பைட் அதே இடத்தில் மீண்டும் அனுப்பப்பட்டு மீண்டும் விழுங்கப்படும். இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்ப முயன்றாலும் பிழை அதே இடத்தில்தான் நிற்கும். பிழை நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு இரண்டு முயற்சிகளை ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

இனித் தீர்வுக்கு வருவோம். எல்ஆர்இசட்எஸ்இசட் தொகுப்பில் உள்ள ‘எஸ்இசட்’, ‘ஆர்இசட்’ ஆகிய இரு நிரல்களுக்கும் டெல்நெட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவை யூனிக்ஸ் முனையத்தின் உள்ளீடு, வெளியீடு வழியாக வெறும் பைட்டுகளைத் தருகின்றன, வாங்குகின்றன. ஆகவே 255-ஐ இரட்டிக்கும் வேலையை அவற்றுக்கும் வெளியுலகுக்கும் இடையில் நிற்கும் ஒருவர் செய்தாக வேண்டும். உங்கள் பிபிஎஸ் மென்பொருளே டெல்நெட் இணைப்பை ஏற்பதாக இருந்தால் அது அந்த மென்பொருளின் பொறுப்பு. நோட்.ஜேஎஸ் கொண்டு எழுதப்பட்ட எனிக்மா போன்ற மென்பொருள்களில் வெளி நெறிமுறை ஒவ்வொன்றுக்கும் இதற்கென ஓர் அமைவு இருக்கிறது. எல்ஆர்இசட்எஸ்இசட் பயன்படுத்தும்போது அதை இயக்கியிருக்க வேண்டும். லினக்ஸின் டெல்நெட் சேவை நிரல் இணைப்பை ஏற்று, அதன்பின் பிபிஎஸ் தொடங்குவதாக இருந்தால் அந்தச் சேவை நிரலே இரட்டித்துவிடும். பிபிஎஸ் தன் சாக்கெட்டை (வலையமைப்பு இணைப்பின் முனையை) அப்படியே வெளி நிரலிடம் ஒப்படைக்கும் முறையில் இருந்தால் எல்ஆர்இசட்எஸ்இசட் அந்த வேலைக்கே ஆகாது. டெல்நெட்டை அறிந்த வேறொரு நிரல் வேண்டும். சிங்க்ரோனெட் பிபிஎஸ் தனக்கென ஒரு பரிமாற்ற நிரலை உடன் தருவது இதனால்தான். இரட்டிக்கும் வேலையை ஒருவர் மட்டுமே செய்ய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்; இருவர் செய்தாலும் கோப்பு கெடும், ஒருவரும் செய்யாவிட்டாலும் கெடும்.

எஸ்இசட் நிரலுக்கு ‘எல்லாக் கட்டுப்பாட்டு எழுத்துகளையும் மறைத்து அனுப்பு’ என்று சொல்லும் ஒரு சுட்டு (கட்டளையுடன் சேர்க்கும் குறி) உண்டு. ஆங்கிலச் சிறிய ‘இ’ (e) எழுத்தால் குறிக்கப்படுவது. எல்லாக் கோளாறுக்கும் அதுவே மருந்து என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. டெல்நெட்டில் பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்பும் இருமப் பயன்முறைக்கு இரு முனைகளும் இசையாவிட்டால், 13 என்ற பைட்டுக்குப் பின் ஒரு சுழியப் பைட் நுழைவதும் நீங்குவதுமான இன்னொரு தொல்லை இருக்கிறது. அந்தச் சுட்டு இதைத் தீர்த்துவைக்கும். 255-ஐ அது தொடாது, ஏனெனில் 255 கட்டுப்பாட்டு எழுத்துகளின் வரிசையில் அடங்குவதில்லை.

எது உங்கள் சிக்கல் என்று பிரித்தறிய இரண்டு சோதனைக் கோப்புகளைச் செய்துகொள்ளுங்கள். ஒன்றில் 0 முதல் 255 வரையான எல்லா மதிப்புகளும் திரும்பத் திரும்ப வரட்டும். மற்றொன்றில் 255-ஐ மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டாவது போய் முதலாவது நின்றால் இரட்டிப்பு நடக்கவில்லை, அல்லது இருமுறை நடக்கிறது. இரண்டுமே நின்றால் 13-ஐயும் இருமப் பயன்முறையையும் கவனியுங்கள். எஸ்இசட் தன் முன்னேற்றச் செய்திகளைப் பிழை வெளியீட்டில் எழுதும் வழக்கம் உடையது. உங்கள் பிபிஎஸ் இரு வெளியீடுகளையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் அந்தச் செய்திகள் தரவுக்குள் புகுந்துவிடும். அமைதியாக இயங்கச் சொல்லும் சுட்டைச் சேர்ப்பது நல்லது. ‘இன்னார் இப்போது உள்ளே வந்தார்’ என்று மற்றவர் திரையில் அறிவிக்கும் வசதியையும் பரிமாற்ற நேரத்தில் நிறுத்திவையுங்கள். 8 கிலோபைட் தொகுதிகளை முயலும் சுட்டை எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு சேர்த்தால் போதும். பழைய முனைய நிரல்கள் சில அதை ஏற்பதில்லை, கிடைக்கும் வேகமும் அப்படியொன்றும் பெரிதன்று.

கேள்வி: நண்பரின் பிபிஎஸ்ஸில் பதிவிறக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு நட்சத்திரக் குறிகளும் ஒரு ‘பி’ எழுத்தும் வரிசையாகச் சுழியங்களும் மட்டுமே திரையில் தோன்றுகின்றன. பின்னர் எந்த விசைக்கும் பதில் இல்லை.
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அது குப்பையன்று, இசட்மோடத்தின் அழைப்பு. ‘பி’ எழுத்துக்குப் பின்வரும் 14 இலக்கங்களும் சுழியமாக இருந்தால், மறுமுனை உங்களுக்குக் கோப்பு அனுப்பக் காத்திருக்கிறது என்று பொருள். 01 என்று தொடங்கினால், உங்களிடமிருந்து கோப்பைப் பெற அது காத்திருக்கிறது. உங்கள் முனைய நிரலுக்கு இசட்மோடம் தெரியாததால் அழைப்பு அப்படியே எழுத்துகளாகத் திரையில் விழுந்திருக்கிறது. விண்டோஸுடன் வரும் டெல்நெட் நிரலுக்கும் புட்டி நிரலுக்கும் அது தெரியாது. சிங்க்டெர்ம், கியூமோடத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட கியூடெம் ஆகிய இரண்டும் அழைப்பைக் கண்டவுடன் பரிமாற்றத்தைத் தாமாகவே தொடங்கிவிடும்.

இவற்றில் ஒன்றைப் பயன்படுத்தியும் எழுத்துகள்தான் வருகின்றன என்றால், பிபிஎஸ் பக்கத்தில் 24 என்ற கட்டுப்பாட்டு பைட் வடிகட்டப்படுகிறது. நட்சத்திரங்களுக்கும் ‘பி’க்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டியது அது, அது இல்லாமல் அழைப்பு அழைப்பாகாது. நண்பரிடம் சொல்லுங்கள். சிக்கிக்கொண்ட திரையிலிருந்து வெளியேற கன்ட்ரோல் விசையுடன் எக்ஸ் விசையை ஐந்தாறு முறை தொடர்ந்து அழுத்துங்கள். இணைப்பைத் துண்டிக்கத் தேவையில்லை.

கேள்வி: 1990-களில் ஓடிய டாஸ் பிபிஎஸ் மென்பொருளை, அதே டிஎஸ்இசட் கோப்புப் பரிமாற்ற நிரலுடன், இன்றைய கணினியில் எழுப்பிப் பார்க்க ஆசை. மோடமும் தொலைபேசிக் கம்பியும் இல்லாமல் இது நடக்குமா?
– வாசகர், லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

பதில்: நடக்கும். 64-பிட் விண்டோஸ் டாஸ் நிரல்களை நேரடியாக இயக்காது என்பதால், டாஸ் கணினியைப் போலியாகப் படைத்துத் தரும் டாஸ்பாக்ஸ் தான் எளிய வழி. அதன் அமைவுக் கோப்பில் முதல் சீரியல் போர்ட்டை மோடம் என்று அறிவித்து, எந்தப் போர்ட் எண்ணில் அழைப்புகளை எதிர்பார்க்க வேண்டும் என்றும் எழுதிவிட்டால், இணையத்திலிருந்து வரும் ஒவ்வோர் இணைப்பும் உள்ளே இருக்கும் பிபிஎஸ்ஸுக்கு மணி அடிக்கும் தொலைபேசியாகவே தெரியும். முதல் பதிலில் விரிவாகச் சொன்ன டெல்நெட் தொல்லை இங்கும் உண்டு. இங்கே இரட்டிப்பவர் டாஸ்பாக்ஸின் போலி மோடம். அதை டெல்நெட் முறைக்கு மாற்றும் கட்டளை ‘ஏடி+நெட்1’. பிபிஎஸ் தொடங்கும்போது மோடத்துக்கு அனுப்பும் தொடக்கச் சரத்தில் இதைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து ஃபாசில் இயக்கி, அதாவது பிபிஎஸ்ஸுக்கும் சீரியல் போர்ட்டுக்கும் இடையில் நிற்கும் நிரல். எக்ஸ்00, பிஎன்யூ ஆகியவை அக்காலத்தில் பெயர் பெற்றவை. இரண்டும் டாஸ்பாக்ஸினுள் ஏற்றத்தக்கவை. பிபிஎஸ் ஃபாசில் வழியாகப் பேசினாலும், டிஎஸ்இசட் அதைக் கேட்காமல் நேரடியாகச் சீரியல் சில்லுடன் பேசும் இயல்புடையது. டாஸ்பாக்ஸ் அந்தச் சில்லையும் போலியாகப் படைத்துக் கொடுப்பதால் இங்கே தடையில்லை. 32-பிட் விண்டோஸில் நெட்ஃபாஸ் என்ற ஃபாசில் இயக்கி கொண்டு முயல்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: நெட்ஃபாஸ் தருவது ஃபாசிலை மட்டுமே, சில்லை அன்று. எனவே சாதாரண டிஎஸ்இசட் அங்கே பேச ஆளின்றி நிற்கும். ஃபாசிலுக்கென்று அமைந்த எஃப்டிஎஸ்இசட் வேண்டும்.

தரவு ஓட்டக் கட்டுப்பாட்டை (மறுமுனை தயாராகும் வரை அனுப்பாமல் நிறுத்திவைப்பதை) ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் மூலம் நடக்கும்படி வைத்து, மென்பொருள் வழிக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். வேகத்தை நொடிக்கு 115200 பிட் என்று பூட்டினால் மிகுதியாக 11520 பைட் கிடைக்கும். ஒரு மெகாபைட்டுக்கு ஒன்றரை நிமிடம். அன்றைய நொடிக்கு 2400 பிட் மோடத்தில் அதே கோப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டிருக்கும், அதுவும் உள்ளூர் அழைப்புக்கே நேரக் கணக்கில் கட்டணம் வசூலித்த நம் தென்னாப்பிரிக்காவில்.

பலர் மறந்துவிடும் ஒன்று டிஎஸ்இசட்லாக் என்ற சூழல் மாறி. பரிமாற்றம் முடிந்ததும் அந்த மாறி குறிக்கும் கோப்பில் டிஎஸ்இசட் ஒரு வரி எழுதும். வரியின் முதல் எழுத்து முடிவைச் சொல்லும்: சிறிய ‘இசட்’ என்றால் இசட்மோடத்தில் அனுப்பப்பட்டது, பெரிய ‘இசட்’ என்றால் பெறப்பட்டது, ‘இ’ என்றால் பிழை, ‘எல்’ என்றால் இணைப்பு அறுந்தது. பிபிஎஸ் அந்த வரியைப் படித்துத்தான் யார் எதை எடுத்தார் என்று கணக்கு வைக்கிறது. மாறியை அமைக்காவிட்டால் கோப்பு சரியாக வந்து சேர்ந்தும் பட்டியலில் ஏறாது. பதிவேற்றம் தோற்றுவிட்டதாகவே உங்கள் பயனர் நினைப்பார். மாறியை பிபிஎஸ் தொடங்கும் தொகுதிக் கோப்பிலேயே (பேட்ச் கோப்பு) அமைத்து, பிபிஎஸ்ஸின் நெறிமுறை அமைவிலும் அதே பாதையைக் கொடுங்கள்.

ஆசைக்கு ஒரு சேதி. டிஎஸ்இசட் நிரலை வெளியிட்ட ஃபோர்ஸ்பெர்க்கின் ஓமன் டெக்னாலஜி இருந்தது அமெரிக்காவின் போர்ட்லாந்தில். கிரகாம்ஸ்டவுன் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தார் 1980-களின் இறுதியில் ஃபிடோநெட் என்ற பிபிஎஸ் கடித வலையமைப்பு வழியாகக் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டதும், 1991 நவம்பரில் நம் நாட்டின் முதல் இணைய இணைப்பை ஏற்படுத்திக்கொண்டதும் அதே ஊரில் இருந்த வலையமைப்புப் பொறியாளர் ரேண்டி புஷ் வீட்டுடன்தான்.

கேள்வி: கேப் டவுனில் உள்ள நண்பர் 1980-களின் கொமடோர் 64 கணினியில் இருந்து வருகிறார், அவரால் எக்ஸ்மோடம் நெறிமுறை மட்டுமே முடிகிறது. மிகவும் மெதுவாக இருக்கிறது. தவிர, மின்வெட்டு வந்தால் பாதியில் நின்ற கோப்பை எல்லோரும் முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. இவற்றுக்கு வழி உண்டா?
– வாசகர், டோங்காட்

பதில்: எக்ஸ்மோடம் 1977-இல் வார்டு கிறிஸ்டென்சென் எழுதியது. மறு ஆண்டு பிப்ரவரியில் ராண்டி சூஸுடன் சேர்ந்து சிகாகோவில் முதல் பிபிஎஸ்ஸைத் தொடங்கியவரும் அவரே. 128 பைட் அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்ற பதில் வரும் வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்த 128 பைட்டை அனுப்பும் முறை அது. ஒரே ஊரில் பேசும் இரண்டு மோடங்களுக்கு அது போதும். இணையத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது தொலைவு. போய்வர கால் நொடி ஆகும் வெளிநாட்டு நண்பருக்கு, கம்பி எவ்வளவு அகலமானாலும் நொடிக்கு 512 பைட்டுக்கு மேல் போகாது; ஒரு மெகாபைட்டுக்கு 34 நிமிடம். கேப் டவுன் நண்பருக்குத் தொலைவு குறைவு என்பதால், அவருடைய தாமதத்தில் பெரும்பங்கு கொமடோரின் சீரியல் போர்ட்டுக்கும் வட்டு இயக்கிக்கும் உரியது. அதை உங்களால் மாற்ற முடியாது. அவருடைய முனைய நிரல் எக்ஸ்மோடத்தின் மேம்பட்ட வடிவமான ஒய்மோடத்தை அறிந்திருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள். 1024 பைட் தொகுதிகள் கிடைக்கும். கோப்பின் பெயரும் அளவும் முதல் தொகுதியிலேயே போய்விடுவதால், எக்ஸ்மோடம் கடைசித் தொகுதியை 26 என்ற பைட்டால் நிரப்பி அளவைக் கூட்டிவிடும் தொல்லையும் ஒழியும்.

மின்வெட்டுக்கு இசட்மோடத்தில் உள்ளேயே வழி இருக்கிறது. பெறும் பக்கம் தன்னிடம் ஏற்கெனவே எத்தனை பைட் உள்ளது என்று சொன்னால், அனுப்பும் பக்கம் அங்கிருந்து தொடரும். பதிவிறக்கத்தில் இது பயனரின் முனைய நிரலைப் பொறுத்தது. பாதிக் கோப்பை அவர் அழிக்காமல், பெயர் மாற்றாமல் வைத்திருந்தால் போதும். பதிவேற்றத்தில் பொறுப்பு உங்களுடையது. பல பிபிஎஸ் மென்பொருள்கள் பதிவேற்றத்தைத் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் வாங்கி, இணைப்பு அறுந்ததும் அதைத் துடைத்துவிடுகின்றன. துடைத்த பிறகு தொடர்வதற்கு ஏதுமில்லை. பயனருக்கு ஒன்று என்று கோப்புறை வைத்து, ஓரிரு நாள் கழித்துத் துடைக்கும்படி மாற்றுங்கள். ஆர்இசட் நிரலுக்குத் தொடரச் சொல்லும் சுட்டையும் கொடுங்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. இடைப்பட்ட நேரத்தில் அதே பெயரில் புதிய பதிப்பை நீங்கள் வைத்துவிட்டால், பழையதன் தலையும் புதியதன் வாலும் ஒட்டிக்கொள்ளும், பிழையும் காட்டாது. ஜிப் கோப்பாக இருந்தால் பிரிக்கும்போது தெரிந்துவிடும். பதிப்பு மாறினால் கோப்பின் பெயரையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

கணினிக்கு மட்டும் யுபிஎஸ் வாங்கிவிட்டு, ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் அதில் இணைக்க மறந்தவர்கள் இந்தப் பகுதியில் பலர்.

கேள்வி: கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா? யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளும் சேமிப்பில் இருக்கின்றன.
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: இசட்மோடத்துக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, அது தடுக்காது. ஆனால் யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆவதால், எட்டு எழுத்துக்கும் மூன்று எழுத்து நீட்சிக்கும் மேல் அறியாத டாஸ் கணினிகள் அந்தப் பெயரைச் சிதைத்துவிடும். பெயரை ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைத்து, தமிழை விளக்கத்தில் எழுதுங்கள். டிஸ்கி கோப்புகள் 128-க்கு மேற்பட்ட மதிப்புடைய பைட்டுகளால் ஆனவை. அவற்றை உரை முறையில் அனுப்பாதீர்கள். வரி முடிவுகளை மாற்றும் முறை அது. ஜிப் செய்து இரும முறையில் அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

கேள்வி: வீட்டுக்குள் எல்லாம் இயங்குகிறது. வெளியில் இருந்து ஒருவராலும் இணைய முடியவில்லை. எங்கள் வீட்டில் 4ஜி ரவுட்டர் இருக்கிறது.
– வாசகர், கிராஸ்மூர், டர்பன்

பதில்: கைபேசி வலையமைப்புகள் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும், உங்கள் ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டாலும் அழைப்பு அதுவரை வந்து சேராது. ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் இதுவே காரணம். பொது முகவரி தரும் ஃபைபர் இணைப்புக்கு மாறுங்கள், அல்லது வெளியே ஒரு சிறிய சேவையகத்தை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு எஸ்எஸ்எச் சுரங்கம் (மறையாக்கம் செய்த இணைப்பு வழி) அமையுங்கள். திறக்கும்போது டெல்நெட்டின் 23-ஆம் போர்ட்டைத் தவிர்த்து வேறொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். 2016-இல் மிராய் நச்சுநிரல் பரவியதிலிருந்து அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் தானியங்கிகளுக்குக் குறைவே இல்லை, உங்கள் பிபிஎஸ்ஸின் இணைப்பு இடங்கள் எல்லாம் அவற்றாலேயே நிரம்பிவிடும். பதிவேற்றங்களை வாங்கும் ஆர்இசட் நிரலைத் தனிப் பயனர் கணக்கில், கட்டுப்பாட்டுச் சுட்டுடன் இயக்குங்கள். வருபவர் அனுப்பும் கோப்புப் பெயர் உங்கள் மற்றக் கோப்புறைகளை எட்டாதிருக்க அது உதவும்.